சயந்தன் சாப்பிட்ட பத்தியம்

முருகன் துணை

மனோர் பார்க், லண்டன்
14.11.2025, வெள்ளிக்கிழமை

என் செல்ல மகள் சுவர்ணாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவும் நானும் சுகமாக இருக்கிறோம், இங்கே குளிர் வந்துவிட்டது, அப்பாவின் முழங்கால் அதை வானொலிக்கு முன்பே அறிவித்துவிட்டது. நீயும் மருமகன் கௌசிகனும் உன் வயிற்றில் இருக்கும் குஞ்சும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும் என்று இன்று காலை சேர்ச் றோட் முருகனிடம் கேட்டுவிட்டு வந்துதான் பேனையை எடுத்திருக்கிறேன். போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று யோசிப்பாய். போனில் என்றால் நான் வாயைத் திறக்க முன்பே ஓம் அம்மா, ஓம் அம்மா என்று கதையை முடித்துவிடுவாய், கடிதத்தில் அது நடக்காது. அதோடு போனில் எனக்குக் கோபம் வந்தால் உடனே கேட்டுவிடும், கடிதத்தில் கோபத்தை வெட்டிவிட்டு எழுதலாம். இது மூன்றாவது தடவை எழுதுவது, முதல் இரண்டையும் அப்பா வாசித்துவிட்டுக் கிழிக்கச் சொன்னார், அவற்றில் உன்னைக் கொஞ்சம் ஏசியிருந்தேன். தாளைப் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பிவிடுகிறேன் என்று தம்பி சயந்தன் சொன்னான். படம் எடுத்து அனுப்பியது போதுமடா என்று சொல்லிவிட்டேன், ஏன் என்று போகப்போக விளங்கும். ஐந்து நாளில் பேர்த்துக்குப் போய்ச் சேரும் தபாலில் அப்பா போடுகிறார்.

சொல்ல வேண்டியது இரண்டு விஷயம். ஒன்று, தை மாதம் உன் பிள்ளைப்பேற்றுக்கு நான் வருவதா வேண்டாமா என்பது. மற்றது, நீ உண்மையாகவே சுகமாக இருக்கிறாயா என்பது. போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் நான் ஒன்றைக் கண்டேன், அன்றிலிருந்து இரண்டாவதுதான் எனக்குப் பெரிதாகிவிட்டது. என்ன கண்டேன் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன், இப்போதே எழுதினால் மிச்சத்தை வாசிக்காமல் போனைத் தூக்கிவிடுவாய். ஆவணிக் கடைசியில் நான் உனக்கு வாசித்துக் காட்டிய சாமான் பட்டியல் நினைவிருக்கும், பெரிய சட்டி, பிள்ளை பெற்றவளுக்குக் கறி வைக்க மிளகும் மல்லியும் வறுத்து இடித்த சரக்குத்தூள் நான்கு கிலோ, முழுக வார்க்கிற தண்ணீருக்குக் காயவைத்த நொச்சி இலை. அதைக் கேட்டுவிட்டுத்தான், அம்மா, பிள்ளை பிறந்து மூண்டு மாசம் கழிச்சு வாங்கோ, முதல் நாங்கள் ரெண்டு பேரும் பழகிக்கொள்ளுறம் என்று சொன்னாய். நான் போனை வைத்துவிட்டேன். அந்த இலைகளை அவுஸ்திரேலிய விமான நிலையத்தில் கண்டால் இலையோடு என்னையும் சேர்த்துத் திருப்பி அனுப்புவார்கள் என்று அப்பா சொன்னார், அதுவும் என் தலையில் ஏறவில்லை. பதினைந்து நாள் பூப்படம் போட்ட காலை வணக்கம் மட்டும் உனக்கு அனுப்பினேன். பெற்ற தாயை வராதே என்று சொல்கிற காலம் வந்துவிட்டது என்று கோயிலில் கண்டவர்களிடமெல்லாம் புலம்பினேன், அதற்கு இப்போது வெட்கப்படுகிறேன்.

முதலில் நல்ல செய்தி. உன் மருமகள், தம்பியின் மகள் கோதைக்கு நேற்றோடு பதினாலு கிழமை, மூன்று மாதம் தாண்டிவிட்டது. சிரிக்கிறாள், தனக்குள் ஏதோ பேசுகிறாள், என் மூக்குத்தியைப் பிடித்து இழுக்கிறாள். அப்பாவின் வழுக்கைத் தலையைக் கண்டால்தான் அதிகம் சிரிப்பு, அதனால் அவர் அங்கே போனதும் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுத் தும்மிக்கொண்டு இருக்கிறார். கோதை என்று பெயர் வைக்கப்போகிறோம் என்று ரூபினி சொன்னபோது இதென்ன பழங்காலத்துப் பெயர் என்று முகம் சுளித்தேன், இப்போது அந்தப் பெயரைச் சொல்லச் சொல்ல வாய் இனிக்கிறது. இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். தெரியாதது, அந்தப் பிள்ளையின் தாய்க்கு, உன் மச்சாள் சிவரூபினிக்கு, நான் செய்த காரியம்.

ரூபினியின் அம்மா துசியந்தி கோப்பாயில் இருக்கிறார், இடுப்பில் ஒப்பரேஷன் செய்தவர், அவ்வளவு நேரம் விமானத்தில் இருக்க ஏலாது. ஆகவே தாயும் நானே மாமியும் நானே என்று பிள்ளை பிறந்த அன்றே சட்டியோடு வால்தம்ஸ்டோவில் தம்பி வீட்டில் போய் இறங்கினேன். விடியற்காலையில் உள்ளிப்பூண்டுக் கஞ்சி, மத்தியானம் சரக்குக் கறியும் பால்சுறா வறையும் முருங்கையிலையும், இரவுக்கு இடியப்பமும் திரும்பச் சரக்குக் கறியும். கத்தரிக்காய் கூடாது, தக்காளி கூடாது, மிளகாய் அந்த வீட்டு வாசற்படியே ஏறக்கூடாது. தண்ணீர் குடித்தால் வயிறு ஊதும் என்று மல்லி போட்டு அவித்த வெந்நீர் அரை டம்ளர்தான். மாமி, எனக்குத் தண்ணி விடாய்க்குது என்று அவள் கேட்டால், பால் குடிக்கிற பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்று ஒரே போடாகப் போட்டுவிடுவேன். முப்பத்தொன்றாம் நாள் வீட்டுக்கு நீர் தெளித்துத் துடக்குக் கழித்த பிறகும் நான் பத்தியத்தை விடவில்லை. நன்றாகப் போகிறதை ஏன் நிறுத்துவான் என்று நினைத்தேன்.

நன்றாகப் போகிறது என்று எனக்கு எப்படித் தெரியும் என்றால், கோப்பையைப் பார்த்துத்தான். சோற்றுக் கோப்பையை மேலே அறைக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, தாய்க்கும் பிள்ளைக்கும் இடைஞ்சல் வேண்டாம் என்று கதவைச் சாத்திவிட்டு இறங்குவேன். அரை மணித்தியாலத்தில் வழித்துத் துடைத்த கோப்பை கீழே வரும், ஒரு பருக்கை மிச்சம் இருக்காது. அந்த வெறும் கோப்பையை நான் போனில் படம் பிடித்துக் கோப்பாய்க்கு அனுப்புவேன், துசியந்தி கைகூப்பிய படம் நாலைந்து திருப்பி அனுப்புவார். மூன்று வேளையும் படம், மூன்று வேளையும் கும்பிடு. அதே நாட்களில் சயந்தன் ஊதத் தொடங்கினான். அவனுக்கு ரயில் நிலையத்தில் காலை ஷிப்ட், பகல் ஒரு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்து நேரே மேலே ஏறிவிடுவான். கல்யாணத்துக்குத் தைத்த உடுப்பு முப்பத்தொன்றன்று அவனுக்குப் பூட்டவில்லை. உங்களிலை உள்ளி மணக்குது எண்டு வேலையிலை சொல்லுறாங்கள் அம்மா என்று ஒருநாள் சொன்னான். தகப்பனான பூரிப்பு என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஏழாம் கிழமை, தாயையும் பிள்ளையையும் வீடு தேடி வந்து பார்க்கிற ஹெல்த் விசிட்டர் வந்தார். பெயர் அஞ்சலீனா, மொரீஷியஸ்காரி, கலகலப்பான பிள்ளை. கோதையை நிறுத்துப் பார்த்துவிட்டு நிறை கொஞ்சம் குறைவு என்றார், பிறகு ஒரு தாளை எடுத்து ரூபினியிடம் கேள்வி கேட்கத் தொடங்கினார். போன ஏழு நாளில் உன்னால் சிரிக்க முடிந்ததா, காரணமில்லாமல் பயம் வந்ததா, உறக்கம் வராத அளவுக்கு மனம் சரியில்லாமல் இருந்ததா, இப்படிப் பத்துக் கேள்வி. ரூபினிக்கு இங்கிலீஷ் நன்றாகத் தெரியும், ஆனால் அவள் வாயைத் திறக்க முன்பே நான் பக்கத்தில் இருந்து பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். வெரி ஹாப்பி, ஈட்டிங் வெரி வெல், நோ புரொப்ளம் என்று ஒவ்வொன்றுக்கும் சொன்னேன். நான்காவது கேள்வியில் அவர் பேனையை மூடிவைத்துவிட்டு, ஒரு தேநீர் கிடைக்குமா அம்மா, அவசரமில்லை, ஆறுதலாகப் போட்டுக்கொண்டு வாருங்கள் என்று என்னைக் கேட்டார். என்னை வெளியே அனுப்புகிறார் என்று எனக்கு விளங்காதா என்ன. அந்தக் கோபத்தில் சீனி கேட்டவருக்குச் சீனி போடாமல் கொண்டுவந்து கொடுத்தேன். நான் வந்தபோது ரூபினியின் முகம் அழுது வீங்கியிருந்தது, அஞ்சலீனாவின் கை அவளுடைய முதுகில் இருந்தது. அந்தத் தேநீரை அவர் ஒரு முகச்சுளிப்பும் இல்லாமல் குடித்து முடித்தார்.

அன்று பின்னேரம் சயந்தன் என்னைக் குசினியில் கதிரை போட்டு இருத்தினான். அம்மா, கோவிக்காதேங்கோ, ஆறு கிழமையாய் நான்தான் சாப்பிட்டனான் என்றான். எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. காலைக் கஞ்சி பாத்ரூம் பேசினுக்குள், மற்ற இரண்டு வேளையும் அவனுடைய வயிற்றுக்குள் போயிருக்கிறது. பிள்ளை பிறந்த இரண்டாம் கிழமையிலிருந்தே ரூபினிக்குத் தொண்டையில் ஒன்றும் இறங்கவில்லையாம், டோஸ்ட்டும் பிஸ்கட்டும்தான். பிள்ளை உறங்கினாலும் அவளுக்கு உறக்கம் இல்லையாம், அழுதால் நெஞ்சு பதறுமாம், இந்தப் பிள்ளைக்கு என்னைவிட நல்ல அம்மா கிடைச்சிருக்கலாம் என்று அவனிடம் திரும்பத் திரும்பச் சொன்னாளாம். குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுவாளாம். நான் கீழே நின்று, முழுக வார்த்த உடம்போடு திரும்ப ஏன் குளிக்கிறாள் என்று முணுமுணுத்திருக்கிறேன். என்னிடம் ஒரு சொல் சொல்லியிருக்கலாமே என்று கேட்டதற்கு அவன் சொன்ன பதில்தான் என்னைச் சுட்டது. எப்பிடியம்மா சொல்லுறது, நீங்கள் கோப்பையைப் படம் எடுத்து அவளின்ர அம்மாவுக்கு அனுப்பிறியள், அதைப் பாத்துத்தான் அவ அங்கை நிம்மதியாய்ப் படுக்கிறா, கோப்பையிலை சோறு மிஞ்சினால் ரெண்டு அம்மாமாருக்கும் என்ன சொல்லுறது எண்டு அவள் பயந்து போனாள் என்றான்.

நல்ல மனுஷி ஒருத்தி என்றால் அந்த இடத்திலேயே மேலே ஏறிப்போய் ரூபினியைக் கட்டிப்பிடித்திருப்பாள். உன் அம்மா என்ன செய்தாள் தெரியுமா. என் சமையலைப் பேசினுக்குள் ஊற்றுகிற வீட்டில் எனக்கு என்ன வேலை என்று சட்டியைக் கழுவித் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறி மனோர் பார்க் வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் எனக்கு ஒரு சீட், சட்டிக்கு ஒரு சீட். அதைக் கொஞ்சம் எடுக்க முடியுமா என்று ஒரு பெண் கேட்டாள், நான் பார்த்த பார்வையில் நின்றுகொண்டே வந்தாள். அப்பா கதவைத் திறந்தார், சட்டியைப் பார்த்தார், அதை வாங்கி நிலத்தில் வைத்துவிட்டு எனக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். அவருடைய வழக்கம் உனக்குத் தெரியும், ஒரு நாளைக்குப் பத்து வசனத்துக்கு மேல் பேசமாட்டார். நான் எல்லாவற்றையும் கொட்டி முடித்த பிறகு, எட்மண்டனிலை நீயும் சாப்பிடேல்லை என்றார். நீ பிறந்தபோது இதே லண்டனில் எட்மண்டன் பக்கம் ஒரு தையற்கடைக்கு மேலே ஒற்றை அறையில் இருந்தோம், ஊரில் சண்டை, உதவிக்கு ஒருவரும் வர வழியில்லை. அப்பா பெற்றோல் ஷெட்டில் வேலை முடித்து வந்து, அவருடைய அம்மா கடிதத்தில் எழுதிய முறைப்படி சரக்குக் கறி வைப்பார். நான் தொடமாட்டேன், அவர் அதை எடுத்துக் கீழே குப்பைவாளியில் கொட்டிவிட்டு வருவார். முப்பத்திரண்டு வருடமாக நாங்கள் இருவரும் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அப்ப நான் நினைச்சனான் என்ர சமையல்தான் பிழை எண்டு, இப்ப நீயும் அதைத்தான் நினைக்கிறாய் என்றார். அவ்வளவுதான், பிறகு போய்ச் சட்டியைச் சுவர்த்தட்டில் ஏற்றி வைத்தார்.

சுவர்ணா, இதை நான் உனக்கு ஒருபோதும் சொன்னதில்லை. அந்த நாட்களில் உன்னைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு போய் பஸ் தரிப்பு மரவாங்கில் உட்கார்ந்திருப்பேன். பஸ் வரும், நிற்கும், ட்ரைவர் என்னைப் பார்ப்பார், நான் இல்லை என்று தலையாட்டுவேன், அது போய்விடும். எனக்குப் போக ஓரிடமும் இல்லை, அறைக்குத் திரும்பவும் மனமில்லை. நீ அழகான பிள்ளை, கரைச்சல் தராத பிள்ளை, ஆனால் உன்னைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. சில நாள் உன்னைத் தூக்கக் கை வரவில்லை. உன்மேல் ஆசை இல்லாமல் இல்லை, அதை நீ நம்பவேண்டும். இதை எழுதும்போது அழுகிறேன்தான், அழுதாலும் எழுதித்தான் தீரவேண்டும். இதற்கு ஒரு பெயர் இருக்கிறது, வைத்தியம் இருக்கிறது, இது தாயின் குற்றமில்லை என்று அன்றைக்கு எனக்கு ஒருவரும் சொல்லவில்லை, நானும் ஒருவரையும் கேட்கவில்லை. மற்றப் பெண்களெல்லாம் சமாளிக்கிறார்கள், எனக்குத்தான் கொழுப்பு என்று நினைத்தேன். எப்போது அது விலகியது என்றுகூடத் தெரியாது. உனக்கு முதற்பல் வந்த நேரம் நீ என் விரலைக் கடித்தாய், நான் சத்தமாகச் சிரித்தேன், அந்தச் சத்தத்துக்கு அப்பா சவர்க்கார முகத்தோடு ஓடி வந்தார். அது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அடுத்த நாள் வெறுங்கையோடு வால்தம்ஸ்டோவுக்குப் போனேன். ரூபினியின் கட்டிலில் போய் இருந்து, பிள்ளை, உனக்கு என்ன சாப்பிட விருப்பம் என்று கேட்டேன். ஏழு கிழமையில் அந்தக் கேள்வியை நான் கேட்டதே இல்லை என்பது கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. அவள் போர்வையை விலக்கி நிமிர்ந்து இருந்தாள். பிறகு, பாணும் மாசிச் சம்பலும் மாமி, அதோடை பிரிட்ஜ் தண்ணி ஒரு கிளாஸ் என்றாள். சம்பல், அதுவும் ஐஸ் தண்ணீரோடு, பால் கொடுக்கிற பிள்ளை. நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது, கடித்துக்கொண்டேன். மார்க்கெட்டில் தேங்காய் வாங்கித் துருவி, செத்தல் மிளகாயும் வெங்காயமும் மாசிக் கருவாடும் போட்டு இடித்து, தேசிக்காய் பிழிந்து கொண்டுபோய்க் கொடுத்தேன். கோதையை நான் மடியில் வைத்திருக்க அவள் நாலு துண்டு பாண் சாப்பிட்டாள், தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள், பார்த்துக்கொண்டிருந்த எனக்குத் தொண்டை குளிர்ந்தது. அன்றைக்குக் கோப்பையில் ஒரு விளிம்புத் துண்டு மிச்சம் இருந்தது. நான் படம் எடுக்கவில்லை. கோப்பாய்க்குப் போன் எடுத்து, போனை ரூபினியின் கையில் கொடுத்துவிட்டுப் பிள்ளையோடு கீழே வந்துவிட்டேன். தாயும் மகளும் முக்கால் மணித்தியாலம் கதைத்தார்கள், என்ன கதைத்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

சம்பலோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதே. டொக்டர் இரத்தம் பார்த்து இரும்புச்சத்து நன்றாகக் குறைந்துவிட்டது என்று குளிசை கொடுத்தார், மனதுக்கும் பால் கொடுக்கும்போது எடுக்கக்கூடிய ஒரு மருந்து கொடுத்தார், புதன்கிழமைகளில் ஒருவரோடு இருந்து பேசப் போகிறாள். அந்த மருந்துக்கும் நான் முதலில் மூக்கைச் சுளித்தேன், அப்பா மருந்துப் பெட்டிக்குள் இருந்த கடதாசியை எடுத்து மூக்குக்கண்ணாடி போட்டு முழுவதையும் வாசித்துக் காட்டினார். இரவில் ஒரு தடவை சயந்தன் எழும்பிப் பிள்ளைக்குப் போத்தல் கொடுக்கிறான், அவள் ஐந்து மணித்தியாலம் சேர்ந்தாற்போல் படுக்கிறாள். புதன்கிழமை நான் கோதையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு மார்க்கெட் முழுவதும் ஊர்வலம் போவேன், மரக்கறிக்கடைக்காரர் எல்லோருக்கும் இப்போது அவளைத் தெரியும். இரண்டு கிழமைக்கு முன்பு ரூபினி தானாகவே, மாமி, உங்கடை சரக்குக் கறியைக் கொஞ்சம் வையுங்கோ, வாசம் நினைவாய்க் கிடக்கு என்றாள். என் சமையலில் பிழையில்லை என்று அப்பாவிடம் அன்றைக்கே சொல்லிவிட்டேன். ஆனால் உண்மையான சந்தோஷம் போன செவ்வாய்க்கிழமைதான். நான் கோதைக்கு இரண்டு ஸ்வெட்டரும் தொப்பியும் போட்டு வைத்திருந்தேன். மாமி, வீட்டுக்குள்ளை பிள்ளைக்கு வேர்க்குது, கழட்டுங்கோ எண்டு எத்தினை தரம் சொல்லுறது என்று ரூபினி என்னை ஏசினாள். கல்யாணமாகி வந்த நாலு வருடத்தில் அவள் என்னோடு குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்தேன். ரூபினி என்னை ஏசிப்போட்டாள் என்று அப்பாவிடம் சொன்னேன், அவர் எழும்பிப் போய்ச் சுவாமி அறையில் கற்பூரம் கொளுத்தினார்.

இனி உனக்குக் கொஞ்சம் புத்தி, சிலவற்றை நானே திருப்பி எடுக்கவேண்டும். இரத்தம் ஊற ஈரல் சாப்பிடு என்று ஆவணியில் சொன்னேன், அதை விட்டுவிடு, வயிற்றில் பிள்ளை இருக்கும்போது ஈரல் கூடாதாம். சுறாவும் கூடாதாம், அதில் பாதரசம் இருக்கிறதாம், பால் கொடுக்கும்போதும் கிழமைக்கு ஒரு தடவைக்கு மேல் வேண்டாமாம். உங்கள் பக்கத்து மீன்கடைகளில் சுறாவை வேறு பெயரில் விற்பார்களாம், அப்பா போனில் பார்த்துச் சொன்னார், கேட்டு வாங்கு. நான் இங்கே சுறா சுறாவென்று தேடி வாங்கியதைச் சொன்னபோது அஞ்சலீனா தலையில் கை வைத்தார், நாங்கள் இப்போது நல்ல சிநேகிதம், சீனி போட்டுத்தான் தேநீர் கொடுக்கிறேன். முட்டை, பருப்பு, கீரை, சின்ன மீன் எல்லாம் சாப்பிடு. இரும்புக் குளிசையைத் தேநீரோடு எடுக்காதே, தோடம்பழச் சாற்றோடு எடு. கந்தசஷ்டிக்கு நீ ஒருநேரச் சாப்பாட்டோடு இருந்தாயாம் என்று கேள்விப்பட்டேன், உனக்கும் சேர்த்து நான் ஆறு நாளும் இருந்தேன், இனி உனக்கு விரதம் வேண்டாம், முருகன் குறை நினைக்கமாட்டார். தண்ணீர் விடாய்த்தால் குடி. இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன், அஞ்சலீனாவிடம் கேட்டு வாங்கிய அந்தப் பத்துக் கேள்விகள். ரூபினி ஒவ்வொன்றாக வாசிக்க, நீ பிறந்த வருடத்தை நினைத்து நான் பதில் சொன்னேன், அவள் புள்ளடி போட்டாள். பக்கத்தில் இருந்து எனக்காகப் பதில் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை, நான் உண்மையைத்தான் சொன்னேன். இது பிள்ளை பிறந்த பிறகுதான் வரும் என்றில்லையாம், வயிற்றில் இருக்கும்போதும் வருமாம். உன் மருத்துவிச்சியும் இப்படிக் கேட்பார். நீயே பதில் சொல்லு.

இப்போது ஞாயிற்றுக்கிழமை நான் கண்டது. நாங்கள் திரும்பக் கதைக்கத் தொடங்கிய நாளிலிருந்து நீ ஒவ்வொரு முறையும் போனைத் திருப்பி உன் கோப்பையைக் காட்டுகிறாய், சாப்பிட்டனான் அம்மா, பாருங்கோ என்கிறாய், வழித்துத் துடைத்த கோப்பை. அன்றைக்கும் காட்டினாய். அந்த நேரம் உன் பின்னால் கௌசிகன் பிரிட்ஜைத் திறக்கப் போனார். அவர் உடம்பில் போன வருடத் தீபாவளிக்கு நான் அனுப்பிய நீலச் சேட்டு. உள்ளுக்கு இன்னொருவரை வைத்துப் பூட்டலாம் என்று அப்போது நாங்கள் சிரித்த சேட்டு, இப்போது பொத்தான்கள் இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. மெலிந்த மனுஷனுக்கு வயிறு வந்திருக்கிறது. என் நினைப்புப் பிழையாக இருக்கலாம், வெயிலுக்கு ஐஸ்கிரீம் சாப்பிட்டு வந்த வயிறாக இருக்கலாம், அப்படியென்றால் இந்த மாமி அவரிடம் மன்னிப்புக் கேட்டாள் என்று சொல்லு, மன்னிப்போடு பெரிய அளவில் ஒரு சேட்டும் அனுப்புகிறேன். ஆனால் அப்படி இல்லையென்றால், மகள், நீ என்னிடம் பொய் சொன்னாய் என்று நான் சொல்லமாட்டேன். சாப்பிட்டாயா, சாப்பிட்டாயா என்று முப்பத்திரண்டு வருடமாக அதை மட்டும் கேட்டவள் நான்தான், நீ அதற்கு மட்டும் பதில் சொல்லப் பழகிவிட்டாய். கௌசிகன் நல்ல பிள்ளை, அவரிடம் சொல்லியிருப்பாய். அவரோடு டொக்டரிடம் போ, பிள்ளை பிறக்கும்வரை பார்த்துக்கொண்டு இருக்காதே.

நான் வருவதைப் பற்றி. டிக்கெட் எடுக்கவில்லை, சட்டி சுவர்த்தட்டிலேயே இருக்கிறது, இலைகளை அப்பா தோட்டத்தில் கொட்டிவிட்டார். தை மாதம் வா என்றால் வருவேன், கேட்டதைச் சமைப்பேன், கேட்காவிட்டால் பிள்ளையை வைத்துக்கொண்டு இருப்பேன், நீ படு. மூன்று மாதம் கழித்து வா என்றாலும் சந்தோஷமாக வருவேன், இந்த முறை கோயிலில் ஒருவருக்கும் முறைப்பாடு வைக்கமாட்டேன். நீ என்னை எப்போது வரச்சொல்கிறாய் என்பதை வைத்து உன் அன்பை அளக்கிற வேலையையும் நான் விட்டுவிட்டேன்.

நீயும் குஞ்சும் நோய்நொடி இல்லாமல், சிரித்த முகமாக நீண்டகாலம் இருக்கவேண்டும் என்று நானும் அப்பாவும் மனதார வாழ்த்துகிறோம், கௌசிகனுக்கும் எங்கள் ஆசி. கோதை தன் மாமிக்கு எச்சில் முத்தம் ஒன்று வைத்தாள், இந்தத் தாளின் மூலையில் மை கலங்கியிருப்பது அதுதான். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. இந்தக் கடிதம் வந்து சேர்ந்த பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமை நான் போன் எடுக்கும்போது கோப்பையைத் தூக்காதே. அது வெறுமையோ நிறைவோ எனக்கு வேண்டாம். உன் முகத்தைக் காட்டு. அழுத முகமென்றாலும் காட்டு, நான் படம் எடுத்து ஒருவருக்கும் அனுப்பமாட்டேன்.

இப்படிக்கு,
எட்மண்டன் பஸ் தரிப்பில் உன்னோடு இருந்த உன் அம்மா,
இராஜேந்திரன் பாலாம்பிகை